வன்னியிலிருந்து அயல் மாகாணத்துக்கு: விலைமனு போடுமுன் ஒப்பந்தகாரர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள்

வவுனியா நகரிலிருந்து ஏ9 வீதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், அரை மணித்தியாலம் ஆகுமுன்னரே வட மாகாணம் முடிந்து வட மத்திய மாகாணம் தொடங்கிவிடுகிறது. அவ்வளவு அருகில் இருந்தும், வன்னியிலுள்ள சிறிய, நடுத்தர ஒப்பந்தகாரர்கள் பலர் அந்த எல்லைக்கு அப்பால் ஒரு விலைமனுவேனும் போட்டதில்லை. 2009 இற்குப் பின்னர் வந்த வேலைகளே அவர்களுக்குப் போதுமாக இருந்தன. ஏ9 வீதிப் புனரமைப்பு, இந்திய உதவியிலான வீட்டுத்திட்டம், வடபகுதி ரயில் பாதை, பாடசாலைக் கட்டடங்கள், குளப் புனரமைப்பு என வேலைகள் வரிசையாக வந்த காலத்தில், ரிப்பரும் ரோலரும் லீசிங்கில் எடுத்து, மேசன்மாரைப் பழக்கி, நிறுவனங்கள் வளர்ந்தன. அந்த அலை தணிந்த பின்னர் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. அரசாங்கம் புதிய மூலதன வேலைகளைத் தொடங்காமல் நிறுத்தியது. சீமெந்தும் கம்பியும் சில மாதங்களுக்குள் இருமடங்குக்கும் மேல் விலையேறின. அதனைத் தாக்குப்பிடித்து நிற்கும் நிறுவனம் வன்னியின் நான்கு மாவட்டங்களின் வேலையை மட்டும் நம்பியிருப்பது பாதுகாப்பானதன்று என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆயினும், எல்லை தாண்டுவதென்பது பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஆவணம் வாங்கப் போவதோடு தொடங்கும் காரியமாக இருக்கக்கூடாது. இலங்கையில் ஒப்பந்தகாரரின் பதிவு நாடு முழுவதற்கும் செல்லுபடியாகும் என்பதால், சட்டம் பெரிய தடையாக இருப்பதில்லை. தடையாக வருவன இரண்டு: இங்கே பழகிய விலைகளை அங்கேயும் அப்படியே எழுதுவதும், கையிலுள்ள பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் பார்க்காமல் வேலையைப் பொறுப்பேற்பதும். இக்கட்டுரையின் பெரும் பகுதி இவ்விரண்டையும் பற்றியதாகவே இருக்கும்.

பதிவும் பத்திரங்களும்

இந்தியாவில் மாநிலந்தோறும் பொதுப்பணித்துறைப் பதிவு வேறுபடுகிறது; அமெரிக்காவில் பல மாநிலங்கள் தத்தமக்கெனத் தனி உரிமம் கேட்கின்றன. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, அதாவது முன்னர் இக்டாட் என்றும் இப்போது சீடா என்றும் நாம் சொல்லும் நிறுவனம், வழங்கும் ஒரே பதிவு முல்லைத்தீவிலும் செல்லும், மொனராகலையிலும் செல்லும். தரங்கள் சீ1 முதல் சீ9 வரை இறங்குகின்றன. சீ1 இற்கும் மேலே பெரும் நிறுவனங்களுக்கான சிறப்புத் தரங்கள் உள்ளன. ஒவ்வொரு தரத்துக்கும் உரிய பண வரம்பு காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், நண்பர் சொன்ன பழைய தொகையை நம்பாமல், நடைமுறையிலுள்ள அட்டவணையை அதிகாரசபையிடமிருந்தே பெற்றுக்கொள்ள வேண்டும்.

தரத்தைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது துறைப் பிரிவு. கட்டடம், நெடுஞ்சாலை, பாலம், நீர்வழங்கல், நீர்ப்பாசனம் எனப் பதிவு துறைவாரியாகவே வழங்கப்படுகிறது. வன்னியில் பலரிடம் கட்டடமும் நெடுஞ்சாலையும் மட்டுமே இருக்கின்றன. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலோ குளம், வாய்க்கால், துருசு (நீர் திறந்துவிடும் மதகு) வேலைகள் ஏராளம். வன்னியில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் சிறு குளங்களில் வேலை செய்து முடித்த ஒருவர், அந்த அனுபவத்தைக் காட்டி நீர்ப்பாசனப் பிரிவிலும் பதிவு பெறாமல் இருந்தால், தன் கையிலுள்ள தகுதியை வீணாக்குகிறார் என்றே சொல்ல வேண்டும். எனவே எல்லை தாண்டும் எண்ணம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, போக விரும்பும் மாகாணத்தில் எந்த வகை வேலைகள் அதிகம் கோரப்படுகின்றன என்று ஓர் ஆண்டு விளம்பரங்களைப் புரட்டிப் பார்த்து, அதற்கேற்பத் துறைப் பிரிவைச் சேர்த்துக்கொள்வதாகும். பதிவின் காலாவதித் திகதி, விலைமனு திறக்கும் நாளையும் ஒப்பந்தம் வழங்கப்படக்கூடிய நாளையும் தாண்டி இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்க.

ஐம்பது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தமாயின், 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் நிறுவனப் பதிவாளர் திணைக்களத்தில் பதிவு செய்து, பீ.சீ.ஏ. 3 எனப்படும் சான்றிதழை விலைமனுவுடன் இணைக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்கு விட்டுவிட்டு, வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஓடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆவணம் வாங்கிய அன்றே இந்த வேலையைத் தொடங்கினால் அந்த ஓட்டம் தேவையில்லை. அரசாங்கத்தின் புறொமிஸ் இணையப் பெறுகைத் தளத்திலும் நிறுவனத்தைப் பதிந்துகொள்ளுங்கள். மாகாணத் திணைக்களங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் ஆண்டு முடிவில், அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தகாரர், வழங்குநர் பதிவுக்கு விண்ணப்பம் கோருவது வழக்கம். சிறு வேலைகளுக்கான விலைக்கோரல் கடிதங்கள் அந்தப் பட்டியலிலிருந்தே அனுப்பப்படுகின்றன என்பதால், சிறிய கட்டணம் செலுத்திப் பெயரைச் சேர்த்துவைப்பதில் நட்டமில்லை.

தனிநபர் வியாபாரப் பெயரில் இயங்குவோர், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரையறுத்த நிறுவனமாக மாறுவது பற்றி இந்தக் கட்டத்திலேயே கணக்காளருடன் பேசிவிடுவது நல்லது. வங்கியிடம் பிணை வசதி கேட்கும்போதும், வேறொரு நிறுவனத்துடன் கூட்டுச் சேரும்போதும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையோடு நிற்கும் கம்பனிக்குக் கிடைக்கும் மதிப்பு வேறு. ஆனால் பழைய பெயரில் பெற்ற அனுபவச் சான்றுகளும் சீடா பதிவும் புதிய கம்பனிக்கு எவ்வாறு மாற்றப்படும் என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொண்ட பின்னரே அந்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

எந்த வேலையை விடுவது, எதைப் பிடிப்பது

விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பணம் கொடுப்பவர் யார் என்பதை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. கிராமத்து ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு உரியவை. தேசிய பாடசாலை மத்திய அமைச்சின் கீழும், ஏனைய பாடசாலைகள் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. மாகாணங்களுக்குக் குறுக்கே ஓடும் ஆறுகளைச் சார்ந்த பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களை மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயல்களுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தவை. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே பணம் வரும் வழியும் வேகமும் இவ்வாறு வேறுபடுகின்றன. வெளிநாட்டுக் கடன் அல்லது நன்கொடையில் நடக்கும் திட்டங்களில் பட்டியல் பணம், அதாவது செய்து முடித்த வேலைக்குப் பட்டியல் கொடுத்துக் கோரும் பணம், பெரும்பாலும் ஒழுங்காக வரும்; அதற்கேற்ப ஆவண வேலையும் தரக்கட்டுப்பாடும் இறுக்கமாக இருக்கும்.

மிகச் சிறிய வேலைகளைத் தேடி எல்லை தாண்ட வேண்டாம். கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் நேரடியாக வழங்கப்படும் வேலைகள் அங்குள்ள மக்களுக்கு உரியவை. நம்மூரில் நாம் அதையே எதிர்பார்க்கிறோம். மேலும், இயந்திரத்தை ஏற்றி இறக்கும் செலவையும் ஆட்களைத் தங்க வைக்கும் செலவையும் தாங்கும் அளவுக்கு வேலையில் தொகை இருக்க வேண்டும். முதல் முயற்சிக்கு, நீங்கள் ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்து முடித்த வகையைச் சேர்ந்ததும், வழமையாக நீங்கள் எடுக்கும் தொகையை விடப் பெரிதாக இல்லாததும், உங்கள் களஞ்சியத்திலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ளதுமான வேலையைத் தெரிவுசெய்வதே புத்திசாலித்தனம். வவுனியாவில் இருப்பவருக்கு மதவாச்சி, ஹொரவப்பொத்தானை, திருகோணமலைப் பக்கம் பொருந்தும். மன்னாரில் இருப்பவர் புத்தளத்தை வரைபடத்தில் பார்த்து ஏமாறக்கூடாது. இடையில் வில்பத்துத் தேசிய வனம் கிடப்பதால் லொறி மதவாச்சியும் அநுராதபுரமும் சுற்றியே போக வேண்டும்.

அந்த மண்ணில் நின்று விலை எழுதுதல்

ஒவ்வொரு மாகாணத்திலும் பொறியியலாளரின் மதிப்பீடு அந்தப் பகுதிக்குரிய கட்டட விலைவீதப் பட்டியலை, நாம் பீ.எஸ்.ஆர். என்று சொல்வதை, அடிப்படையாகக் கொண்டே தயாராகிறது. வீதி வேலைகளுக்கு எச்.எஸ்.ஆர். எனும் தனி விலைவீதப் பட்டியல் உண்டு. போக விரும்பும் மாகாணத்தின் நடப்பாண்டுப் பட்டியலைத் தேடிப் பெற்று, உங்கள் கையிலுள்ள வட மாகாணப் பட்டியலோடு உருப்படி உருப்படியாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே விலை கூடியும் குறைந்தும் நிற்கிறதோ அங்கே ஒரு காரணம் இருக்கும்: மணல் தூரமாக இருக்கலாம், கருங்கல் அருகில் இருக்கலாம், கூலி வேறாக இருக்கலாம். பட்டியலில் உள்ள விலையை அப்படியே எழுதிவிடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எந்த உருப்படியில் நமது அனுமானம் அங்கே செல்லாது என்பதைக் கண்டுபிடிக்க அதைவிட விரைவான வழி கிடையாது.

வன்னியில் வேலை செய்பவருக்கு ஒரு வசதி பழகிப்போயிருக்கிறது. மணலும் கிரவலும் சல்லியும் அதிக தூரம் போகாமலே கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்கே இங்கிருந்துதான் ஏறுகிறது. அந்தப் பழக்கத்தில், கொங்கிறீற்று விலையை எழுதும்போது போக்குவரத்துக்கென ஒரு சிறு தொகையை மனக்கணக்காகச் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறோம். திருகோணமலையிலோ பொலன்னறுவையிலோ மகாவலி ஆற்று மணல் எங்கே ஏற்றப்படுகிறது, அங்கிருந்து வேலைத்தளம் எத்தனை கிலோமீற்றர், அந்தப் பாதையில் நிறை ஏற்றிய ரிப்பர் போகுமா, ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கலாம் என்பதை அறியாமல் எழுதும் விலை வெறும் ஊகமாகவே இருக்கும். மணல், கிரவல், கருங்கல் ஆகியவற்றை அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை என்பதால், உரிமம் உள்ள இடத்திலிருந்து பெறும் விலையையே கணக்கில் எடுக்க வேண்டும். வீதியோரத்தில் ஒருவர் குறைத்துச் சொல்லும் விலையை நம்பி எழுதினால், முதல் வாகனம் பொலிஸில் பிடிபடும் நாளிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

களப் பார்வைக்கு முதலாளி தனியாகக் காரில் போய் வருவது போதாது. விலை எழுதுபவரும், வேலையை நின்று நடத்தப்போகும் மேற்பார்வையாளரும், இயலுமானால் மூத்த மேசன் ஒருவரும் கூடவே போக வேண்டும். அநுராதபுர மாவட்டத்தில் ஒரு நடுத்தரக் குளத்தின் புனரமைப்பு என்று வைத்துக்கொள்வோம். குளக்கட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, அலைகரைப் பக்கம் கல்லடுக்கு எங்கெங்கே சரிந்திருக்கிறது, மேலதிக நீர் வழியும் வான் கட்டில் வெடிப்பு உண்டா, துருசின் கதவு இறங்கி ஏறுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்து, கட்டை உயர்த்துவதற்கான மண் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும். குளத்தின் உள்ளிருந்து எடுக்கலாம் என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் அதற்குத் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும், மண்ணின் தன்மை பரிசோதனையில் தேற வேண்டும், அருகிலுள்ள காடு வனத் திணைக்களத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ உரியதாயின் அங்கே ஒரு பெக்கோ வாளி மண்ணும் எடுக்க முடியாது. ஒரு பையில் அந்த மண்ணை அள்ளி வந்து ஆய்வுகூடத்தில் கொடுத்து, எந்த ஈரப்பதனில் எவ்வளவு இறுகுகிறது என்று விலைமனு போடுமுன்னரே அறிந்துகொள்ள ஆகும் செலவு மிகச் சிறியது. குறிப்பிட்ட அடர்த்தி வராமல் அடுக்கைக் கிளறித் திரும்ப உருட்ட நேர்ந்தால் ஆகும் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது.

குள வேலையில் காலம் ஒரு தனி விடயம். பெரும்போகத்துக்கு மழை ஒக்டோபரில் தொடங்குகிறது. சிறுபோகத்துக்கு நீர் திறந்தால் ஓகஸ்ட் அளவிலேயே குளம் வற்றும். அதன்படி பார்த்தால், கட்டிலும் துருசிலும் தாராளமாக வேலை செய்யக் கிடைக்கும் காலம் சில வாரங்களே. அந்த ஆண்டு சிறுபோகம் செய்வதா விடுவதா என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விவசாயிகளும் அதிகாரிகளும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தைக் கேட்டறியாமல், ஆவணத்திலுள்ள வேலைக்காலத்தை மட்டும் நம்பி ஒப்புக்கொள்வது ஆபத்தானது. மழை தொடங்கிய பின்னர் வெட்டிய துருசுக் குழியோடு நிற்பது ஒப்பந்தகாரருக்கு மட்டுமல்லாமல், அந்தக் குளத்தை நம்பி விதைத்த குடும்பங்களுக்கும் இழப்பாகும். மத்திய, சப்ரகமுவ மாகாணங்களுக்குப் போக நினைப்பவர்கள், அங்கே தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் என்பதையும், நம்மூர் வேலைக்காலம் அங்கே மழைக்காலம் என்பதையும் வேலை அட்டவணையில் காட்ட வேண்டும்.

அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் பொறுத்தவரை, தொல்பொருள் திணைக்களத்தை மறக்கலாகாது. பாதுகாக்கப்பட்ட இடத்துக்கு அண்மையில் வேலைத்தளம் இருந்தால், அத்திவாரம் வெட்டும் அனுமதி யார் பொறுப்பு, அது கிடைத்துவிட்டதா என்று விலைமனுவுக்கு முன்னரான கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய செங்கல்லோ ஓடோ கல்வெட்டோ வெளிப்பட்டால் வேலையை நிறுத்தி அறிவிக்க வேண்டும். அவ்வாறு நின்ற நாட்களுக்குக் கால நீடிப்புக் கேட்பதற்கான வாசகம் ஒப்பந்த நிபந்தனைகளில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உருப்படிகளின் விலை முடிந்த பின்னர், எல்லை தாண்டியதால் மட்டும் வரும் செலவுகளை ஒரு தனித் தாளில் எழுதிக் கூட்டுங்கள். லோபெட் எனும் தாழ்தள வாகனத்தில் ரோலரும் எக்ஸ்கவேட்டரும் போய்வரும் கூலி, ஆட்கள் தங்கும் வீட்டின் வாடகை, சமையல், கிணற்று நீர், வாரவிடுமுறைக்கு வீடு வந்து திரும்பும் செலவு, காவலாளி, மேற்பார்வையாளரின் எரிபொருள், மாதிரிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும் செலவு என்று அது நீளும். உருப்படிகளையும் அளவுகளையும் காட்டும் பீ.ஓ.கியூவின் பூர்வாங்க வேலைகள் பகுதியில் இவற்றுக்கு இடமிருந்தால் அங்கே போடுங்கள்; இல்லையேல் எல்லா உருப்படிகளிலும் பரவலாகச் சேர்க்க வேண்டும். முதல் உருப்படிகளில் மட்டும் அதிகமாக ஏற்றி, கடைசி உருப்படிகளைக் குறைத்து எழுதுவதை மதிப்பீட்டுக் குழு இலகுவாகக் கண்டுகொள்ளும். விலைப் பகுப்பாய்வு கேட்டுக் கடிதம் வரும்.

வரியையும் சரியாகக் கையாளுங்கள். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உள்ளது. வழமையான ஆவணங்களில் அதனை விலைகளுக்குள் சேர்க்காமல் தனியே காட்ட வேண்டும். 2022 ஒக்டோபரில் அறிமுகமான 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு உங்களுக்கு ஏற்புடையதாயின், அது விலைக்குள் அடங்கியதா என்று ஆவணத்தில் பார்க்க வேண்டும். தொழிலாளருக்கு ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம் என்பன முதலாளியின் பங்கு. இதைக் கூலிக் கணக்கில் சேர்க்காமல் விட்டு விலையைக் குறைப்பது, நம்மோடு வேலை செய்யும் பிள்ளைகளின் முதுமையிலிருந்து எடுத்து விலைமனு வெல்வதாகும். அதை நான் எந்த வகையிலும் ஏற்கமாட்டேன்.

பணம் எத்தனை மாதம் தாங்கும்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். எட்டு மாதத்தில் முடிக்க வேண்டிய 40 மில்லியன் ரூபா வேலை. மாதம் 5 மில்லியன் வீதம் சமமாக நடக்கிறது. இலாபம் போக உண்மைச் செலவு மாதம் 4.5 மில்லியன். வேலையை ஒப்பந்தப்படி முடிப்பதற்கு உத்தரவாதமாகக் கொடுக்கும் செயலாற்றல் பிணை 5 சதவீதம், அதாவது 2 மில்லியன். முற்பணம் 20 சதவீதம், அதாவது 8 மில்லியன். அதற்குச் சமமான முற்பணப் பிணை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டியலிலும் 10 சதவீதம் தடுத்துவைக்கப்பட்டு, மொத்தத் தொகையின் 5 சதவீதத்தை எட்டியதும் நிறுத்தப்படும். முற்பணத்தை மீட்க ஒவ்வொரு பட்டியலிலும் 25 சதவீதம் கழிக்கப்படுகிறது என்று கொள்வோம்.

முதல் மாதப் பட்டியல் அளந்து, சான்றளித்து, பணமாக வருவது மூன்றாம் மாத முடிவில் என்றால், அதுவரை செலவு 13.5 மில்லியன். கைக்கு வந்தது முற்பணம் 8 மில்லியனும், முதற் பட்டியலில் கழிவுகள் போக 3.25 மில்லியனும். பற்றாக்குறை 2.25 மில்லியன், இது தாங்கக்கூடியது. ஆனால் பிணைகளுக்காக வங்கி கேட்கும் பண வைப்பு இதற்கு மேலதிகம். முற்பணப் பிணை கிடைக்காமல் முற்பணம் எடுக்க முடியாமற்போனால், அதே மூன்றாம் மாத முடிவில் கைக்கு வந்திருப்பது 4.5 மில்லியன் மட்டுமே. பற்றாக்குறை 9 மில்லியன். முற்பணம் எடுத்தும் முதற் பட்டியலின் பணம் ஐந்தாம் மாத முடிவிலும் வராமல் போனால், பற்றாக்குறை 14.5 மில்லியன். வீட்டு உறுதியை வங்கியில் வைத்தும், மனைவியின் நகையை அடகு வைத்தும் இந்த இடைவெளியை நிரப்பியவர்களை வன்னியில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஆவணம் நிரப்புமுன் இந்தத் தாளை உங்கள் எண்களோடு எழுதி, பணம் இரண்டு மாதம் தாமதித்தால் யாரிடம், எந்த வட்டியில், எவ்வளவு எடுக்க முடியும் என்பதற்கு எழுத்தில் பதில் வைத்திருங்கள்.

அரசின் நிதியாண்டு டிசெம்பர் 31 உடன் முடிகிறது என்பதையும் இந்தத் தாளில் குறிக்க வேண்டும். நவம்பரில் முடியும் வேலையின் பட்டியல் அந்த ஆண்டின் ஒதுக்கீட்டுக்குள் செலுத்தப்படாவிட்டால், அடுத்த ஆண்டின் நிதி வரும்வரை காத்திருக்க நேரிடும். உள்ளூரில் என்றால் அலுவலகத்துக்கு நாளாந்தம் போய்க் கேட்கலாம். வேறு மாகாணத்தில் அதற்கும் ஓர் ஆளும் செலவும் வேண்டும்.

பிணைகளுக்கு வங்கியை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. ஒப்பந்தகாரர்களுக்கெனவே அமைந்த நிர்மாண உத்தரவாத நிதியமும், ஆவணம் அனுமதித்தால் காப்புறுதி நிறுவனங்களும் பிணை வழங்குகின்றன. எவரிடம் எடுத்தாலும், பிணையின் வாசகம் ஆவணத்திலுள்ள மாதிரிப் படிவத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டும். கோரியவுடன் நிபந்தனையின்றிப் பணமாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பொருட்களின் விலையேற்றத்துக்கேற்பக் கொடுப்பனவைத் திருத்தும் விலைச் சீராக்கம் இந்த ஒப்பந்தத்துக்கு உண்டா என்பதை ஒப்பந்தத் தரவுப் பகுதியில் தேடிப் பார்ப்பதும் அவசியம். இல்லையென்று எழுதியிருந்தால், 2022 இல் நடந்ததை நினைவில் வைத்துச் சீமெந்து, கம்பி, டீசல் ஆகியவற்றுக்கு ஒரு பாதுகாப்புத் தொகையைச் சேர்த்தே விலை எழுத வேண்டும்.

மொழியும் ஆட்களும்

1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தத்தின்படி தமிழிலோ ஆங்கிலத்திலோ அரச அலுவலகத்தோடு தொடர்புகொண்டு மறுமொழி பெறும் உரிமை வடக்கு, கிழக்குக்கு வெளியேயும் நமக்கு உண்டு. ஆவணங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். எனினும் வேலைத்தளத்தில் தொழினுட்ப உத்தியோகத்தரும், கமக்காரர் அமைப்பின் தலைவரும், கிராம சேவையாளரும் பேசுவது சிங்களமாகவே இருக்கும். உங்கள் மேற்பார்வையாளர்களுள் ஒருவராவது சிங்களத்தில் தடையின்றிப் பேசவும், எழுதியதை வாசிக்கவும் கூடியவராக இருக்க வேண்டும். வாய்மொழியாக வரும் ஒவ்வொரு அறிவுறுத்தலையும் அன்று மாலையே ஆங்கிலத்தில் சுருக்கமான கடிதமாக எழுதி உறுதிசெய்வதைப் பழக்கமாக்குங்கள். மேலதிக வேலைக்கான பணத்தைப் பின்னர் கேட்கும்போது கையில் இருக்கும் சான்று அதுவொன்றே.

மேசன்மாரும் கம்பி வேலைக்காரரும் உங்களோடு வரட்டும். மண் வேலைக்கும் உதவியாளுக்கும் இயன்றவரை அந்த ஊராரை எடுங்கள். கூலியை வாரந்தோறும் தவறாமல் கொடுங்கள். அந்த ஊரின் கடையில் கடன் வைத்துவிட்டு வரும் ஒப்பந்தகாரரின் பெயர் அடுத்த கிராமத்துக்கு அவருக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிடும்.

தனியாகப் போவதற்குத் தரமோ ஆண்டு வருமானமோ போதாவிட்டால், அங்குள்ள நல்ல பெயருள்ள ஒருவரோடு கூட்டுச் சேரலாம். யார் முதன்மைப் பங்காளி, யார் பிணை போடுவது, பணம் எந்தக் கணக்குக்கு வரும், நட்டம் எப்படிப் பகிரப்படும் என்பவை சட்டத்தரணி முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உறவினர், நண்பர் என்றாலும் இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

ஆவணம் நிரப்பும் மேசை

2025 ஜனவரி முதல் புதிய பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய கோப்பிலிருந்து எடுத்து நிரப்பும் பழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு ஆவணத்தின் விலைமனுத் தரவுப் பகுதியையும் புதிதாக வாசியுங்கள். நிராகரிப்புக்குக் காரணமாவன பெரும்பாலும் சிறிய விடயங்களே. விலைமனுவோடு கொடுக்கும் விலைமனுப் பிணையிலுள்ள நிறுவனப் பெயரும் விலைமனுவிலுள்ள பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். பிணையின் செல்லுபடிக் காலம் பொதுவாக விலைமனுவின் செல்லுபடிக் காலத்துக்கு மேலும் 28 நாட்கள் கேட்கப்படும். நாட்காட்டியை வைத்து எண்ணி, இருவர் சரிபார்க்க வேண்டும். வைற்றனர் பூசிய இடம் இருக்கவே கூடாது. திருத்தம் செய்தால் ஒரு கோட்டால் வெட்டி, அருகில் கையொப்பமிட வேண்டும். அலகு விலைக்கும் பெருக்கிய தொகைக்கும் முரண் வந்தால் அலகு விலையே எடுத்துக்கொள்ளப்படும். எழுத்துக்கும் எண்ணுக்கும் முரண் வந்தால் எழுத்து எடுத்துக்கொள்ளப்படும். விலை எழுதாமல் விட்ட உருப்படி வேறு விலைகளுக்குள் அடங்கியதாகக் கருதப்படும். அதாவது அந்த வேலையை இலவசமாகச் செய்ய வேண்டிவரும். விலைக்கழிவு கொடுப்பதாயின் விலைமனுப் படிவத்திலேயே எழுதுங்கள். ஆவணத்தைத் திருத்தும் பிற்சேர்க்கைகள் வந்திருந்தால் ஒவ்வொன்றையும் பெற்றதை ஒப்புக்கொண்டு கையொப்பமிடுங்கள்.

மூலப்பிரதியையும் நகலையும் தனித்தனி உறையிலிட்டு, இரண்டையும் ஒரே வெளி உறைக்குள் வைத்து முத்திரையிடும் வேலையை இறுதி நாளுக்கு முந்திய மாலையிலேயே முடித்துவிடுங்கள். அறிவிக்கப்பட்ட நேரம் கடந்து வரும் உறை திறக்கப்படாமலே திருப்பித் தரப்படும். ஏ9 இல் ரயர் வெடித்தது என்பது அங்கே காரணமாகாது. முந்திய நாளே போய் அந்த ஊரில் தங்குவதே பாதுகாப்பு.

திறக்கும் நேரத்தில் உங்கள் பிரதிநிதி அதிகாரக் கடிதத்தோடு அங்கே அமர்ந்திருக்க வேண்டும். வாசிக்கப்படும் ஒவ்வொரு பெயரையும், தொகையையும், கழிவையும், பிணை விபரத்தையும் அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதட்டும். அந்த எண்களை உங்கள் விலையோடும், அந்த மாகாணத்தின் பீ.எஸ்.ஆர். கணக்கோடும் ஒரே அட்டவணையில் போட்டுவைத்தால், சில விலைமனுக்களுக்குள்ளேயே அங்குள்ளவர்கள் எந்த வகை வேலைக்கு எவ்வளவு இறங்குவார்கள் என்பது தெளியும். வேலை கிடைக்காவிட்டால், காரணத்தைக் கேட்டு மரியாதையாக எழுதுங்கள். பதில் கடிதத்தை அதே கோப்பில் சேருங்கள். விலைமனுப் பிணையைத் திரும்பப் பெற்று வங்கியில் ஒப்படைத்து, அதற்காக முடக்கிய தொகையை விடுவித்த பின்னரே அடுத்த ஆவணத்துக்குப் பணம் கட்டுங்கள்.